விளையாட்டுக் கையேட்டின் முதல் பக்கம்

திரையில் வரும் எழுத்து ஒன்றைக்கூட விடக் கூடாது, எல்லாவற்றையும் தமிழில் எழுதிவிட வேண்டும் என்று சொன்னது நான்தான். என் நாத்தனார் அப்படிக் கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது வழி மட்டும். எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகலாம், எந்தக் கதவுக்கு எந்தச் சாவி, அவ்வளவுதான். நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தவள். ஒரு வேலையைத் தொட்டால் முதல் வரியிலிருந்து தொடங்காவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. அதனால் விளையாட்டு தொடங்கும் முன் கறுப்புத் திரையில் சில நொடிகள் நின்று மறையும் இரண்டு வரிகளையும் சேர்த்தே எழுதினேன். "எல்லா உரிமைகளும் உடையவர்களுக்கே. அனுமதியின்றி நகலெடுப்பதும் அச்சிடுவதும் சட்டப்படி குற்றம்." எங்கள் கையேட்டின் முதல் பக்கம் அதுதான்.

என் கணவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஏட்டி, பூட்டை உடைக்கப் போறவன் அந்த வீட்டு வாசல்ல 'திருடாதீங்க'ன்னு எழுதி வச்சுட்டா உள்ள போவான்?"

நாத்தனாரும் சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு மூச்சு வாங்கும். நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் சிரிப்பாள்.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் இதயத்தைத் தொட்டுவிட்டது. வால்வு சுருங்கியிருக்கிறது என்றார்கள். பதினொன்றாம் வகுப்பு மாடியில் நடந்ததால் படிப்பை நிறுத்திவிட்டார்கள். மாடி ஏற முடியாததால் நின்றுபோன படிப்பு என்று அவளே வேடிக்கையாகச் சொல்லுவாள். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. பாளையங்கோட்டையில் வாடகை வீடு. மாமியார், கணவர், இவள், பிறகு பிறந்த எங்கள் மகள். கணவர் வேளாண்மை அலுவலகத்தில் எழுத்தர்.

டிவியில் இணைத்து விளையாடும் அந்தப் பெட்டியைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் போய் வரும் உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரே ஒரு கேசட். பாதாளத்தில் ஒரு கோட்டை, அதில் கைவிளக்கோடு ஒரு சின்ன மனிதன். எப்படி விளையாடுவது என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. அதே கேசட் நகலாகி ஜங்ஷனில், காசு வாங்கிக்கொண்டு விளையாட விடும் கடைகளுக்கு வந்துவிட்டது. அதிலும் சீட்டு இல்லை. கடையில் மணிக்கணக்கில் விளையாடும் பையன்கள் மூன்றாவது வாசலில் செத்துச் செத்துத் திரும்புவதாக என் கணவர் வந்து சொல்லுவார்.

அவர்கள் செத்ததன் காரணத்தை என் நாத்தனார் கண்டுபிடித்தாள். அந்த மனிதன் ஓடினால் விளக்கில் எண்ணெய் சீக்கிரம் குறைந்துவிடும். நடந்தால் நின்று எரியும். பையன்கள் ஓடினார்கள். இவள் வாழ்க்கையில் ஓடியதே இல்லை.

"பைய போணும் மதினி. பைய போனா இந்த எண்ணெய் கடைசி வரைக்கும் வரும்" என்றாள்.

பின்னால் தலையணை வைத்துச் சுவரில் சாய்ந்து, மடியில் ஒரு வரைபடத்தாள் நோட்டை வைத்துக்கொண்டு, பகல் முழுக்க விளையாடினாள். ஒரு சதுரத்துக்கு ஒரு அறை. கதவு இருந்தால் கோட்டில் சின்ன இடைவெளி. மின்சாரம் போனால் எல்லாம் போய்விடும், மறுபடி முதல் அறை. அவள் அலுத்துக்கொள்ளவில்லை. "போன பாதைதான மதினி, கால் வலிக்கவா போகுது" என்பாள். அறுபத்து நாலு அறைகள். பென்சிலில் போட்டு, பிறகு மை வைத்து, ஒவ்வொரு அறைக்கும் அவளே தமிழில் ஒரு பெயர் வைத்தாள். செக்குபோல ஒரு கல் சுற்றிய அறைக்குச் செக்கடி. தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்த இன்னொன்றுக்கு எங்கள் வீட்டுக் குளியலறை. மாடிப்படி உள்ள பெரிய அறைக்குப் பதினொன்றாம் வகுப்பு.

ஒரு நாள் மத்தியானம் அடுப்படிக்குக் கேட்கும்படி "மதினி" என்று கூப்பிட்டாள். ஓடினேன். அவள் கூப்பிட்டால் எனக்கு எப்போதும் ஓட்டம்தான். அவள் நன்றாகத்தான் இருந்தாள். கோட்டை முடிந்துவிட்டது. கறுப்புத் திரையில் கீழிருந்து மேலாக ஆங்கிலப் பெயர்கள் போய்க்கொண்டிருந்தன.

"இவங்கள்லாம் யாரு மதினி?"

"இதைச் செஞ்சவங்க. யார் யார் என்ன செஞ்சாங்கன்னு போடுதாங்க."

"அறை போட்டவங்க பேரு இருக்கா?"

இருந்தது. நான் வாசித்துக் காட்டினேன். ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு மனிதர். அவள் அந்தப் பெயரை நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். "நல்லா போட்டிருக்காரு" என்றாள், பக்கத்துத் தெருக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

அந்த நோட்டையும் என் எழுத்தையும் சேர்த்து என் கணவர் ஜங்ஷன் கடைக்காரரிடம் காட்டினார். மறுநாளே அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு காபியை ஆறவிட்டார்.

"தங்கச்சி, எங்கடைப் பயலுவ மூணாவது வாசலத் தாண்ட மாட்டேங்கானுவ. இதைப் புக்கா அடிச்சு வச்சம்னா, பாளையங்கோட்டை முச்சூடும் கோட்டைக்குள்ள போயிரும். நான் அடிச்சுக்கிடட்டுமா?"

நான் மாமியாரைப் பார்த்தேன். மாமியார் என் கணவரைப் பார்த்தார். பேசியது நாத்தனார்தான்.

"பேரு போடுவீங்களா அண்ணாச்சி?"

"யார் பேரம்மா?"

"படம் போட்டவ பேரு."

"போட்டாப் போச்சு. இதுக்கா இவ்வளவு தயங்குத!"

அச்சகம் வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும் அடிக்கிற இடம். ஈய எழுத்தைக் கையால் கோக்கிற பழைய அச்சு. வரைபடங்களுக்கு மட்டும், அவள் கையெழுத்து அப்படியே விழும்படி, மதுரையிலிருந்து பிளாக் செய்து வந்தது. முதல் பக்கத்தின் புரூஃப் வீட்டுக்கு வந்த அன்று அவள் அதைக் கீழே வைக்கவே இல்லை. மேலே நான் எழுதிய எச்சரிக்கை. கீழே 'வரைபடங்கள்' என்று போட்டு, இனிஷியலோடு அவள் பெயர்.

"மதினி, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மிஷின்லதான இதை அடிக்காங்க?"

"ஆமா."

"அப்ப எம்பேரு அதுல ஒருதடவை ஏறியாச்சு" என்றாள். பிறகு, "மணமகன் பேருதான் விட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு நெஞ்சில் கை வைத்துச் சிரித்தாள். மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

அவள் பெயரைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். அதை இங்கே சொல்லாமல் விட்டால் என்னை நானே இருப்பதைவிட மோசமாகக் காட்டியதாகும். அன்று சாயங்காலம் வரை சந்தோஷமாகத்தான் இருந்தேன். பிறகு அவள் தூங்கும்போது புரூஃபை எடுத்து, பிழை இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். பிழை இல்லை. ஆனால் அந்த எச்சரிக்கை இப்போது வேறு மாதிரி இருந்தது. திரையில் ஆங்கிலத்தில் வந்தபோது அது யாருக்கோ சொன்னதாக இருந்தது. என் கையெழுத்தில் இருந்தபோதும் பாதகமில்லை. ஈய எழுத்தில், கறுப்பாக, தமிழில் வந்ததும் அது எங்கள் வீட்டைப் பார்த்துச் சொல்லியது. அச்சிடுவது சட்டப்படி குற்றம். அதற்கு நேர் கீழே ஒரு பெயர்.

அந்த வாரமே பேருந்து நிலையம் பக்கம் ஒரு வீடியோ கடையில் போலீஸ் புகுந்தது. நகல் சினிமா கேசட் வைத்திருந்ததற்காகக் கடைக்காரரை ஜீப்பில் ஏற்றிப்போனார்கள். காய்கறி வாங்கப் போன இடத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். "பேரு எழுதி வச்சிருந்த நோட்டை எடுத்துட்டுப் போயிட்டாங்களாம். இனி அதுல இருக்கிற ஒவ்வொரு பேரா வீட்டுக்கு வருவாங்க." எனக்கு வெண்டைக்காயை முறித்துப் பார்க்கும் கை நின்றுவிட்டது.

என் மனது அப்படித்தான். மகளுக்கு ஒரு தும்மல் வந்தால் நான் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்த் திரும்பிவிடுவேன். எங்கள் வாசலில் ஜீப் நிற்பதைப் பார்த்தேன். இந்தப் பெயருடையவர் யார் என்று கேட்கிறார்கள். அவள் எழுந்து வருகிறாள். அவள் முகம் வெளுத்து, உதடு நீலமாகிறது. என் கணவர் அரசு வேலையில் இருப்பவர், அவருக்கு என்ன ஆகும் என்றும் நினைத்தேன். ஆனால் அது இரண்டாவதுதான். இதை நான் பல தடவை எனக்குள் சரிபார்த்திருக்கிறேன். முதலில் நினைத்தது அவள் இதயத்தை.

கணவர் அலுவலக வேலையாக வள்ளியூர் போயிருந்தார். வர இரண்டு நாளாகும். நான் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரே அச்சகத்துக்குப் போனேன். அச்சகக்காரர் வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார்.

"அந்தப் பேரை எடுத்துருங்க அண்ணாச்சி."

"எந்தப் பேரு?"

"முதல் பக்கத்துல. படம் போட்டவங்க பேரு. வேண்டாம்னு வீட்ல சொல்லுதாங்க."

வீட்டில் யாரும் சொல்லவில்லை.

"ஏம்மா, பேரை எடுக்கச் சொல்லுதியே, இந்தக் குற்றம்கிற வரிதான பயமுறுத்துது? அதை எடுத்துருவமா?"

அவர் சொன்னது எவ்வளவு சரி! வரியை எடுத்துவிட்டுப் பெயரை வைத்திருக்கலாம். ஆனால் அது விளையாட்டுக்கு உரிமையுள்ளவர்கள் வைத்த வரி. அதை எடுத்தால் தெரிந்தே செய்த தப்பாகிவிடும் என்று தோன்றியது.

"அது இருக்கட்டும்" என்றேன்.

அவர் இடுக்கியால் அவள் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பிடுங்கினார். அவருக்கு முன்னால் மரப்பெட்டியில் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் அறையில் போட்டார். டிக், டிக் என்று சத்தம் வந்தது. 'வரைபடங்கள்' என்ற சொல்லையும் எடுத்தார். அந்த இடத்தில் வெறும் கட்டையை வைத்து இறுக்கினார்.

புத்தகம் வந்ததும் அவள் முதல் பக்கத்தைத் திறந்தாள். அங்கே எச்சரிக்கை இருந்தது. கீழே வெள்ளை. அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தையும் பார்த்தாள்.

"பேரு இல்லையே மதினி."

"அச்சகக்காரர் மறந்துட்டாரு போல" என்றேன். தட்டில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

"வயசானவரு, பாவம்" என்றாள். பிறகு என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இங்க பாரு, இதுதான் அத்தை போட்ட கோட்டை" என்று ஒவ்வொரு அறையாகக் காட்டினாள்.

கையேடு நன்றாகப் போனது. கடைக்காரர் இரண்டாவது தடவையும் அடித்தார். அப்போதாவது பெயரைச் சேர்க்கச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. மறந்ததாகச் சொன்னதை இப்போது நினைவு வந்ததாக எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. போலீஸ் வரவில்லை. கோட்டையை உண்டாக்கியவர்கள் கடல் தாண்டி எங்கேயோ இருந்தார்கள். வண்ணார்பேட்டைச் சந்தில் ஒரு புத்தகம் அடித்தது அவர்களுக்குத் தெரியவே போவதில்லை. நான் மட்டும் வாசலில் ஒரு வண்டி நின்றால் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன்.

சில மாதம் கழித்து என் கணவர் வள்ளியூரிலிருந்து ஒரு கையேட்டைக் கொண்டுவந்தார். எங்களுடையதை அப்படியே ஜெராக்ஸ் எடுத்தது. அறைகளின் பெயர்கள் அவள் கையெழுத்தில் அப்படியே இருந்தன. செக்கடி, குளியலறை, பதினொன்றாம் வகுப்பு. முதல் பக்கத்தில் என் எச்சரிக்கையும் இருந்தது. அதற்குக் கீழே, வெள்ளையாகக் கிடந்த இடத்தில், ஒரு கடையின் ரப்பர் ஸ்டாம்ப். 'தயாரிப்பு' என்று போட்டு ஒரு ஆளின் பெயர்.

என் கணவருக்குக் கோபம். "அவன் கடைக்கே போய்க் கேட்டேன். 'சட்டப்படி குற்றம்னு நானே போட்டிருக்கேன்லா, இது எம்புக்கு'ங்கான்!"

அவள் அந்த ஸ்டாம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சிரித்தாள்.

"பஸ்ல துண்டு போடாம விட்டா வேற ஆளு உக்காரத்தான செய்வான் அண்ணே. விடுங்க."

அந்த வருஷக் கடைசியில் மருத்துவர்கள் இனித் தள்ளிப்போட வேண்டாம் என்றார்கள். திருவனந்தபுரத்தில் அறுவைச் சிகிச்சை. போவதற்கு முன் பாபநாசம் போய்க் கும்பிட்டுவிட்டு வருவோம் என்றார் மாமியார். கோயில் வாசல் படித்துறையில் அவளும் நானும் உட்கார்ந்தோம். மற்றவர்கள் மேலே அருவிக்குப் போனார்கள். அவள் பொரியை ஒவ்வொன்றாக ஆற்றில் போட்டாள். மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள், இரைச்சல் பலமாக இருந்தது. அப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவளிடம் இதைச் சொல்லி அவள் மனதைக் கலைக்கலாமா என்று மூடிக்கொண்டேன். இரைச்சலில் அவளுக்குக் கேட்டிருக்காது என்றும் நினைத்தேன். எனக்கு எப்போதும் இரண்டு காரணம் கிடைத்துவிடும்.

பொரி தீர்ந்ததும் பொட்டலத் தாளை மடித்தபடியே அவள் சொன்னாள்:

"நான் வந்த பிறகு இன்னொரு தடவை அடிப்பாங்கள்லா மதினி? அந்த அச்சகக்காரர் இந்தத் தடவையாவது மறக்காம இருக்கணும்."

"மறக்க மாட்டாரு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா? அந்தப் பார்வையை இன்றுவரை எத்தனையோ விதமாக எண்ணிப் பார்த்துவிட்டேன். சில நாள் தெரிந்ததாகப் படுகிறது. சில நாள் மீனைப் பார்த்த கண்ணோடேயே என்னையும் பார்த்ததாகப் படுகிறது.

அறுவைச் சிகிச்சை முடிந்த நான்காம் நாள் அவள் போய்விட்டாள். கணவரும் மாமியாரும் அங்கே இருந்தார்கள். மகளோடு நான் வீட்டில் இருந்தேன். எதிர்வீட்டுத் தொலைபேசியில் கணவர் பேசினார். ஒரே வாக்கியத்தில் சொன்னார். பிறகு, "போஸ்டருக்குச் சொல்லிரு. உன் எழுத்துதான் தெளிவா இருக்கும். எழுதிக் கொடுத்துவிடு" என்றார்.

எங்கள் ஊரில் சாவுக்குப் போஸ்டர் ஒட்டாமல் இருப்பதில்லை. உடலை வண்டியில் கொண்டுவந்து சேர்க்கும் முன்னால் தெருச் சுவர்களில் அது ஒட்டியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் என் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். எந்த அச்சகம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்தில் வாசலில் சைக்கிள் வந்து நின்றது. அந்த வயதானவர்தான் வந்திருந்தார், கையில் ஈரம் காயாத புரூஃப். பெரிய எழுத்தில் பிழை வந்துவிடக் கூடாது, வீட்டாள் ஒருவர் பார்த்தால்தான் அடிப்பேன் என்று அவரே வந்திருந்தார்.

கண்ணீர் அஞ்சலி. அதற்குக் கீழே அவள் பெயர், இனிஷியலோடு. கட்டைவிரல் நீளத்துக்கு ஒவ்வொரு எழுத்தும் இருந்தது. கீழே தோற்றம், மறைவு. சரிபார்த்தேன். பிழை இல்லை.

"இந்தப் பேரை நான் ஒருதரம் கோத்திருக்கேம்மா" என்றார் அவர் மெதுவாக. "எடுத்தும் போட்டேன். அப்ப யாருன்னு தெரியாது."

கீழே வருந்துவோர் பட்டியலில் என் பெயரும் இருந்தது. அதை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். இன்னொரு தடவை அவரிடம் 'எடுங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சரியா இருக்கு அண்ணாச்சி."

பதினாறாம் நாள் எல்லாம் முடிந்த பிறகு கணவரிடம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார், நிறுத்தவில்லை. "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா" என்றார். அவ்வளவுதான். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். "போலீஸ் வந்தா வரட்டும் மதினி, பேரைக் கேட்டுத்தான வருவாங்க" என்றிருப்பாள். அதனால்தான் கேட்காமல் போனேனோ என்னவோ.

அந்தப் போஸ்டர் எங்கள் தெருமுனைச் சுவரில் இருந்தது, மகளின் பள்ளிக்குப் போகும் வழியில். அவளுக்கு அப்போதுதான் எழுத்துக் கூட்ட வந்திருந்தது. நான் அந்தச் சுவரைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பின்தெரு வழியாகக் கூட்டிப் போனேன். இரண்டு நாள் வந்தாள். மூன்றாம் நாள் தெருமுனையில் நின்றுவிட்டாள்.

"இந்த ரோடு வேண்டாம்மா. அத்தை பேரு ரோட்டுல போவோம்."

போனோம். அவள் சுவருக்கு முன்னால் நின்று விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, முழுப் பெயரையும் சத்தமாக வாசித்தாள். இனிஷியலையும் விடவில்லை. வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள், சரியா என்று கேட்பதுபோல. சரி என்றேன். அடைமழை வந்து அந்தத் தாள் ஊறி விழும்வரை தினமும் அந்த வழியாகத்தான் போனோம். தினமும் அவள் வாசித்தாள். தினமும் நான் சரி என்றேன்.